கோலார் தங்க வயல் நண்பருக்கு அஞ்சலி

மன்னியும் குழந்தைகளும் முன்வரிசையில் இருக்கிறார்கள், சுருக்கமாகப் பேசுகிறேன்.

நண்பர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சர்வேயர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போகும் சுரங்கம் அது. அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்த நான் அரசு அலுவலகத்தில் ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தேன். 1965-ல் வளிமண்டல நியூட்ரினோ பதிவானது தம் சுரங்கத்தில்தான் என்று அவர்தான் எனக்குச் சொன்னார்!

கீழே பாறை வெடித்தால் மேலே வீட்டில் பாத்திரங்கள் ஆடும். மன்னி அடுப்பை அணைத்துவிட்டு, அவர் தலை தெரியும்வரை வாசலிலேயே நிற்பார். வந்தவர் எதுவும் சொல்ல மாட்டார். "காபி இருக்கா?" என்பார், அவ்வளவுதான்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. மகள் அப்போது பி.யூ.சி. ஐம்பது வயதில் பெங்களூரில் ஒரு கம்பெனிக்குக் கணக்கெழுதப் போனார். விடியுமுன் மாரிக்குப்பம் ரயில், திரும்புவது இரவில். குழந்தைகள் அப்பாவை விழித்திருந்து பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைதான். அன்றும் அவர் ஓய்வெடுக்கவில்லை. சுரங்கத்தில் எடுத்த அளவுகளையே கணக்காக்கி மகளுக்கு டிரிக்னாமெட்ரி சொல்லிக்கொடுத்தார். அவள் இன்று சிவில் இன்ஜினீயர்.

அந்த நோட்டு அவளிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ரயில் பாஸ் செலவும் பால் கணக்கும் எழுதியிருக்கிறார்.