கட்டிலருகே ஒரு திறனாய்வு



இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் செவிலியரைப் பற்றிய பேச்சு எதற்கு என்னும் ஐயம் எழலாம். திறனாய்வு என்பதை இலக்கியத்திற்கே உரியதாகக் கருதுவது வழக்கம். ஆனால் கற்றதையும் கேட்டதையும் மீண்டும் எடைபோட்டுப் பார்க்கும் அப்பணி நோயாளியின் கட்டிலருகிலும் நடைபெறுகிறது. அங்கே அது தவறினால் துன்புறுவது ஓர் உடல்.

படுக்கைப்புண்ணையே சான்றாகக் கொள்ளலாம். எழ இயலாமல் கிடப்பவரின் இடுப்பும் குதிகாலும் நெடுநேரம் படுக்கையில் அழுந்தினால், அவ்விடத்துக் குருதியோட்டம் தடைப்பட்டுத் தசை அழிகிறது. நோயைவிடப் பராமரிப்புக் குறையே இதற்குப் பெரும்பாலும் காரணம் என்று 1859இல் வெளிவந்த தம் நூலில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் கருத்துரைத்தார். அக்குறையைப் போக்க, பின்வந்த செவிலியர் தோலில் ஸ்பிரிட் தடவினர். சோப்பு நுரையிட்டுத் தேய்த்தனர். மூத்தவர் செய்ததை இளையவர் செய்தனர். அதில் அன்பு இருந்தது, உழைப்பு இருந்தது, வினா இல்லை.

அவ்வினாவை எழுப்பியவர்களுள் குறிப்பிடத்தக்கவர் டோரின் நார்ட்டன் என்னும் ஆங்கிலேயச் செவிலியர். துணை ஆய்வாளர்களுடன் அவர் முதியோரிடையே நடத்திய ஆய்வு 1962இல் நூலாயிற்று. தோலில் எதைப் பூசுவது என்பதைவிட, நோயாளியைக் காலந்தவறாமல் திருப்பிப் படுக்கவைப்பதே பயன் தரும் என்பது அதனால் தெளிவாயிற்று. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், கழிவை அடக்க இயலாமை ஆகிய ஐந்தையும் மதிப்பிட்டு, 20க்கு 14 அல்லது அதற்குக் கீழ் பெறுபவர் இடர்ப்பாட்டில் உள்ளார் என்று காணும் அளவுகோலும் அதிலிருந்து பிறந்தது.

பின்னர் அவ்வளவுகோலும் அளக்கப்பட்டது. உணவூட்டமும் உராய்வும் அதில் தனிக்கூறுகளாக இடம்பெறவில்லை. 1987இல் பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் அவற்றைச் சேர்த்து வேறோர் அளவுகோலை வெளியிட்டனர்.

எண் மட்டும் போதுமா? 1978இல் பார்பரா கார்ப்பர் செவிலியரின் அறிவை நான்காகப் பகுத்தார்: அறிவியல், அறம், தன்னை அறிதல், கலை. எதிரே இருக்கும் இந்த ஒருவரின் நிலையை உணர்ந்து அதற்கேற்பச் செயற்படும் நுண்மையே இங்குக் கலை எனப்படுகிறது. கவிஞர்களுக்கு இது விளங்காத செய்தி அன்று.

இதன் தேவை தமிழ்நாட்டில் கண்கூடு. விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பே படுக்கைப்புண்ணின் முதல் அறிகுறி என்று பாடநூல்கள் கற்பித்தன. அது வெண்ணிறத் தோலைக் கண்டு வகுத்த இலக்கணம். கருநிறத் தோலில் அச்சிவப்பு எளிதில் புலப்படாது. சுற்றியுள்ள தோலைவிட அவ்விடம் சூடாக உள்ளதா, குளிர்ந்துள்ளதா, இறுகியுள்ளதா, வலிக்கிறதா என்று தொட்டும் கேட்டும் அறிய வேண்டும். சிவப்பை மட்டும் தேடும் செவிலியர், தோல் பிளந்த பின்னரே புண்ணைக் காண நேரும். நூலைக் கற்றும், நூல் யாரைப் பார்த்து எழுதப்பட்டது என்று வினவியும் பணிபுரிபவரோ, நள்ளிரவில் முதியவர் ஒருவரின் குதிகாலைத் தொட்டு, அதன் வெம்மையை உணர்ந்து, அவரைத் திருப்பிப் படுக்கவைக்கிறார். மறுநாள் அங்கே புண் இல்லை. அத்திறனாய்வுக்கு வேறு சான்று வேண்டியதில்லை.