பொருந்தாது என்று சொன்னது யார்?

பிரவுசர் புதுப் பதிப்புக்கு மாறியதும், பல காலம் பழகிய எக்ஸ்டென்ஷன் (பிரவுசருக்குக் கூடுதல் வசதி தரும் சிறு நிரல்) ஒன்று முடங்கிப்போகும். 'இந்தப் பதிப்புக்குப் பொருந்தாது' என்று ஒரு வரி வரும். அப்படிச் சொல்வது யார்? ஃபயர்பாக்ஸின் கதையில் இதற்கு இரண்டு விடைகள் உண்டு.

தொடக்க கால ஃபயர்பாக்ஸ் எக்ஸ்டென்ஷன் வெறும் ஜிப் கோப்புதான். உள்ளே ஒரு சிறு கோப்பில், 'இது இந்தப் பதிப்புவரை ஓடும்' என்று எக்ஸ்டென்ஷனை எழுதியவரே ஓர் எண்ணைக் குறித்திருப்பார். பிரவுசர் அந்த எண்ணைத்தான் பார்க்கும், ஓட்டிப் பார்க்காது. விஷயம் தெரிந்தவர்கள் எண்ணைத் திருத்தினார்கள். பல எக்ஸ்டென்ஷன்கள் மறுபேச்சின்றி ஓடின.

2011 ஜூனில் ஐந்தாம் பதிப்பு வந்தது. அதிலிருந்து ஏறத்தாழ ஆறு வாரத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வரத் தொடங்கியது. அத்தனை வேகத்துக்கு எண்ணைத் திருத்தி மாளுமா? 2012 ஜனவரியில் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து, பெரும்பாலானவை பொருந்தும் என்றே ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா எடுத்துக்கொண்டது. அந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்தது.

ஆனால் 2017 நவம்பர் 14-இல் வந்த 57-ஆம் பதிப்பில் எந்த எண்ணைத் திருத்தியும் பயனில்லை. இம்முறை பொருந்தாது என்று சொன்னது மொசில்லாவே. சுவரை இடித்துத் தன் இஷ்டத்துக்கு ஜன்னல் வைத்துக்கொண்ட குடித்தனக்காரரைப் போல, பழைய எக்ஸ்டென்ஷன்கள் பிரவுசரின் உள்கட்டமைப்பிலேயே கைவைத்திருந்தன. அதனால்தான் அவற்றால் அவ்வளவு செய்ய முடிந்தது. அதனால்தான் மொசில்லா உள்ளே எதை மாற்றினாலும் அவை உடைந்தன. தீய எண்ணமுள்ளவர் எழுதியதென்றால் ஆபத்தும் பெரிது. ஆகவே, இன்னின்ன வாசல் வழியாக மட்டும் வரலாம் என்ற 'வெப்எக்ஸ்டென்ஷன்ஸ்' முறை கட்டாயமானது. 'நோஸ்கிரிப்ட்' என்ற எக்ஸ்டென்ஷன் அந்த மாதமே புது வடிவில் வந்தது. 'டவுன்தெம்ஆல்' 2019-இல்தான் திரும்பியது, சில வசதிகளை இழந்து. திரும்பி வராதவையும் பல.

பின்னர் குரோமும் 'மேனிஃபெஸ்ட் வி3' என்ற புது விதிமுறைக்கு மாறியது. விளம்பரங்களைத் தடுக்கும் 'யூபிளாக் ஆரிஜின்' அங்கே நிறுத்தப்பட்டது; ஃபயர்பாக்ஸில் தொடர்கிறது.

உங்கள் எக்ஸ்டென்ஷன் நின்றுவிட்டால், முதலில் அதன் புதுப் பதிப்பு வந்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், அதே வேலையைச் செய்யும் வேறொன்றைத் தேடுங்கள். அதற்காகப் பழைய பிரவுசரிலேயே தங்கிவிடாதீர்கள். கைவிடப்பட்ட பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. வங்கிக் கணக்கைப் பார்ப்பதும் அதே பிரவுசரில்தான்.