பேரத்திற் சிக்கிய உரிமை



ஒரு மக்கட் கூட்டத்தாருக்கு நீதியாகச் சேரவேண்டிய உரிமை கட்சிகளின் பேரத்திற் சிக்குமாயின், அதற்கு என்ன நேரும் என்பதை இன்று உங்கள் முன்னிலையில் ஆராய வந்துள்ளோம். அதற்கு நாம் எடுத்துக்கொண்ட சான்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2010ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. தம் பாலினத்தவர்மீதே காதல் கொள்ளும் தன்பாலீர்ப்பாளர், தம்மை மறைக்காமற் படையிற் பணிபுரிவதற்கு அங்கே தடை இருந்தது. அத்தடையை நீக்கும் பொருட்டு அந்நாட்டுச் சட்டமன்றத்தில் நடந்த போராட்டமே நமது பொருள்.

இவ்விடயம் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். சிலருக்குக் கூச்சத்தையுந் தரலாம். ஆயினும் நாட்டுக்காக உயிரைக் கொடுக்க நிற்பவனை, அவன் யாரை நேசிக்கின்றான் என்பதற்காக வெளியே தள்ளுவது நீதியா என்ற வினா எவருக்கும் விளங்கக்கூடியதே.

தடை சட்டமான கதை

லெனாட் மற்லோவிச் என்பவர் அமெரிக்க வான்படையில் ஒரு சார்ஜன். வியற்னாம் போரில் வீரப் பதக்கம் பெற்றவர். தாம் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னதற்காக 1975ஆம் ஆண்டிற் படையினின்றும் விலக்கப்பட்டார். இரு மனிதரைக் கொன்றதற்குப் பதக்கந் தந்தவர்கள், ஒரு மனிதரை நேசித்ததற்கு வேலையைப் பறித்தார்கள் என்ற கருத்தை அவர் தமது கல்லறையிலே பொறிக்கச் செய்தார்.

1992ஆம் ஆண்டுத் தேர்தலில் பில் கிளின்ரன் இத்தடையை நீக்குவதாக வாக்களித்தார். பதவிக்கு வந்ததும் எதிர்ப்பு எழுந்தது. படைத்தலைவர் கொலின் பவல் எதிர்த்தார். கிளின்ரனின் சொந்தக் கட்சியான ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவரும், செனற் சபையின் படைத்துறைக் குழுத் தலைவருமான சாம் நன் எதிர்த்தார். முடிவு என்ன? "கேளாதே, சொல்லாதே" என்ற சமரசம் பிறந்தது. அதிகாரிகள் கேட்கமாட்டார்கள், படைவீரன் சொல்லக்கூடாது, சொன்னாலோ வெளிப்பட்டாலோ வேலை போகும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதுவரை படைத்துறையின் கட்டளையாக மட்டும் இருந்த தடை, 1993 நவம்பர் 30ஆந் திகதி கிளின்ரன் ஒப்பமிட்ட சட்டத்தினாலே நாட்டின் சட்டமாயிற்று. தடையை நீக்கப் புறப்பட்டவரின் கையாலேயே தடைக்குப் பூட்டுப் போடப்பட்டது! கட்டளையாயின் ஒரு ஜனாதிபதி பேனாவால் அகற்றலாம். சட்டத்தை அகற்றுவதற்கோ இரு சபைகளும் வேண்டும். அரைகுறைச் சமரசத்தின் விலை அது. அச்சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில் 13,000 பேருக்கு மேற்பட்டோர் படையினின்றும் வெளியேற்றப்பட்டனர். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், அரபு மொழி கற்றுத் தேர்ந்தவர்களைக் கூட வெளியே அனுப்பினார்கள்.

நகர்ந்துகொண்டே போன எல்லைக்கல்

2010 பெப்ரவரி 2ஆந் திகதி பாதுகாப்பு அமைச்சர் றொபேட் கேற்சும், படைத்தலைவர் மைக் முல்லனும் செனற் குழுவின் முன் தோன்றி, இத்தடை நீங்கவேண்டும் என்றார்கள். குடியரசுக் கட்சியின் மூத்த உறுப்பினர் ஜோன் மக்கெயின், படைத்தலைவர்களே வந்து மாற்றவேண்டுமென்று சொல்லும் நாளில் அதைப்பற்றிச் சிந்திக்கலாம் என்று 2006ஆம் ஆண்டிற் கூறியிருந்தவர். அந்த நாள் வந்தது, அவர் ஏற்கவில்லை. படைவீரரின் கருத்தை அறியவேண்டும் என்ற குரல் எழுந்தது. கருத்து அறியப்பட்டது. நவம்பர் 30ஆந் திகதி வெளியான அறிக்கையின்படி, தடை நீங்குவதால் நன்மையோ கலப்பான விளைவோ ஏற்படும், அல்லது ஒரு விளைவும் ஏற்படாது என்றவர்கள் நூற்றுக்கு 70 பேர். அப்போது, கேட்ட கேள்வியே பிழை என்றார் மக்கெயின். வரப்பை நாம் அணுக அணுக எல்லைக்கல்லைப் பிடுங்கி அப்பால் நடுபவனை நம் கமக்காரர்கள் என்னவென்று சொல்வார்கள்?

கட்டுச்சரக்கு வியாபாரம்

பழி ஒரு கட்சிக்கு மட்டும் உரியதன்று. ஜனநாயகக் கட்சியினர் ஜனாதிபதிப் பதவியையும் இரு சபைகளிலும் பெரும்பான்மையையும் 2009ஆம் ஆண்டிலேயே பெற்றிருந்தனர். செனற் சபையின் 100 உறுப்பினருள் 60 பேர் இணங்கினாலன்றி இழுபடும் விவாதத்தை முடிக்க இயலாது. அந்த 60 பேரின் பலமும் அவர்கள் பக்கம் சில மாதங்கள் இருந்தது. அந்த மாதங்களை அவர்கள் இதற்குப் பயன்படுத்தவில்லை.

2010 மே 27ஆந் திகதி பிரதிநிதிகள் சபை, தடைநீக்கத்தை 234க்கு 194 என்ற வாக்குகளால் பாதுகாப்புச் செலவு மசோதாவுடன் இணைத்தது. அதே நாளில் செனற் குழுவும் 16க்கு 12 என்று இசைந்தது. அக்குழுவிலே ஆதரித்த ஒரேயொரு குடியரசுக் கட்சியினர் சூசன் கொலின்ஸ் அம்மையார்.

செப்டெம்பரில் மசோதா செனற் சபைக்கு வந்தது. தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தன. பெரும்பான்மைத் தலைவர் ஹரி றீட் தமது மாநிலத்திற் கடும் போட்டியை எதிர்நோக்கியிருந்தார். சிறுவயதிற் குடியேறிய இளைஞருக்கு வழிசெய்யும் திட்டத்தையும் இதே மசோதாவிற் சேர்க்கப்போவதாக அவர் அறிவித்தார். எதிர்க்கட்சி கொண்டுவரக்கூடிய திருத்தங்களையும் மட்டுப்படுத்தினார். செப்டெம்பர் 21ஆந் திகதி வாக்கெடுப்பில் ஆதரவு 56, எதிர்ப்பு 43. தடைநீக்கத்தை ஆதரித்த கொலின்ஸ் அம்மையாரே, திருத்தங் கொண்டுவர இடமில்லை என்று எதிர்த்து வாக்களித்தார்.

சந்தைக்கு ஒரு வாழைக்குலை வாங்கப் போகின்றோம். வியாபாரி பூசணிக்காயையும் பனங்கிழங்கையும் சேர்த்துக் கட்டிவைத்து, எல்லாவற்றையும் எடு, இல்லையேல் போ என்கின்றான். வாங்க விரும்பியவனும் வெறுங்கையோடு திரும்புகின்றான். செனற் சபையிலே நடந்தது அதுவே.

நவம்பர்த் தேர்தலிற் பிரதிநிதிகள் சபையில் ஜனநாயகக் கட்சி தோற்றது. ஜனவரியில் புதிய சபை கூடிவிட்டால் வழி அடைந்துவிடும். இத்தருணத்தில், டிசெம்பர் 1ஆந் திகதி குடியரசுக் கட்சியின் 42 செனற் உறுப்பினரும் ஒரு கடிதம் கொடுத்தனர். வரிச்சலுகை விடயமும் அரசாங்கச் செலவு விடயமும் முடியும்வரை வேறெந்த மசோதாவையும் எடுக்க விடமாட்டோம் என்பதே அதன் சாரம். செல்வந்தரின் வரிச்சலுகைக்கும் ஒரு படைவீரனின் மானத்திற்கும் என்ன தொடர்பு? ஒரு தொடர்பும் இல்லை. இரண்டையும் ஒரே கயிற்றிற் கட்டியது கட்சி அரசியல். விவாதத்திற்கு எத்தனை நாள், திருத்தம் எத்தனை என்று றீட் அவர்களும் கொலின்ஸ் அம்மையாரும் பேசிப் பேசி உடன்பாடு காணாமலே, டிசெம்பர் 9ஆந் திகதி மீண்டும் வாக்கெடுப்பு வந்தது: 57க்கு 40. மறுபடியுந் தோல்வி!

கட்டவிழ்த்தபோது கிடைத்த வெற்றி

அதன் பின்னரே உண்மையான வழி திறந்தது. கொலின்ஸ் அம்மையாரும், கட்சி சாராத ஜோ லீபர்மனும் தடைநீக்கத்தை மட்டுங் கொண்ட தனி மசோதாவை முன்வைத்தனர். டிசெம்பர் 15ஆந் திகதி பிரதிநிதிகள் சபை அத்தகைய தனி மசோதாவை 250க்கு 175 என்று நிறைவேற்றியது. வரி உடன்பாடு 17ஆந் திகதி ஒப்பமாயிற்று. பணயமாக வைத்திருந்த காரணமும் தீர்ந்தது. 18ஆந் திகதி செனற் சபை விவாதத்தை முடிக்க 63க்கு 33 என்று இசைந்து, பின்னர் 65க்கு 31 என்று மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுக் கட்சியினர் எண்மர் ஆதரித்தனர். அதே நாளில் குடியேறிய இளைஞரின் மசோதா 55க்கு 41 என்று வீழ்ந்தது. 60 கிடைக்கவில்லை. ஒரு கூட்டத்தார் களித்த வேளையில் இன்னொரு கூட்டத்தார் கண்ணீர் விட்டனர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

ஒபாமா டிசெம்பர் 22ஆந் திகதி ஒப்பமிட்டார். ஜனாதிபதி, பாதுகாப்பு அமைச்சர், படைத்தலைவர் மூவரும் படை ஆயத்தமென்று சான்று கொடுத்து 60 நாள் கழிந்தபின், 2011 செப்டெம்பர் 20ஆந் திகதி தடை ஒழிந்தது.

நாம் கொள்ளவேண்டிய பாடம்

பேரமே தீது என்று நாம் சொல்லவில்லை. மூவரின் சான்றும் 60 நாளும் ஒரு விட்டுக்கொடுப்பே. அது படையினரின் அச்சத்தைத் தணித்து, காரியத்தை நிறைவேற்ற உதவியது. உரிமையை எப்படி, எப்பொழுது நடைமுறைப்படுத்துவது என்று பேசுவது ஆட்சித்திறன். உரிமையை வேறொரு சரக்குக்கு ஈடாக வைப்பது வியாபாரம். இவ்விரண்டையும் வேறுபிரித்தறியாத மக்கள் ஏமாற்றப்படுவர்.

இன்னுமொரு பாடமும் உண்டு. பால்மாற்றத்தார் படையிற் பணிபுரியும் உரிமை 2016ஆம் ஆண்டிற் கட்டளையாற் கிடைத்தது, 2019இற் கட்டளையாற் குறைந்தது, 2021இல் மீண்டது, 2025 ஜனவரி 27ஆந் திகதி மீண்டும் கட்டளையாற் பறிபோயிற்று. அவ்வாண்டு மே 6ஆந் திகதி, வழக்கு நடக்கையிலேயே அதனை அமுல்செய்ய உயர்நீதிமன்றம் இடங்கொடுத்தது. கட்டளையால் வந்தது கட்டளையாற் போகும். 2010ஆம் ஆண்டின் தடைநீக்கமோ சட்டமாக நின்றது.

ஆகவே எந்த நாட்டிலாயினும், உரிமை தருவேன் என்று வரும் பிரதிநிதியிடம் மக்கள் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. இதனை வேறெதனோடு கட்டிவைத்திருக்கின்றீர்? கட்டளையாகத் தருவீரா, சட்டமாகத் தருவீரா? வாக்கெடுக்கும் நாளில் உமது பெயர் எந்தப் பக்கம் எழுதப்படும்? இம்மூன்றுக்கும் நேரான விடை வரும்வரை வாக்குறுதியை வாக்குறுதியாகவே கொள்க, உரிமையாகக் கொள்ளற்க. பேரம் நீண்டுகொண்டிருந்த காலத்தில், யாரோ ஒரு படைவீரன் பெட்டியைக் கட்டிக்கொண்டு முகாமைவிட்டு வெளியேறினான். அந்தக் கணக்கை எந்தக் கட்சியும் தன் வெற்றிப் பட்டியலில் எழுதவில்லை.