பெரட்டுக்கு முன் ஏறும் சர்க்கரை

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சம்பளம், போனஸ், வெட்டுக்கூலி என்றே பேசிப் பழகிய இந்த மேடையில் இன்று இனிப்புநீரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது சங்கத்தின் வேலையா என்று சிலர் முணுமுணுக்கலாம். 2019-ஆம் ஆண்டு மலேசியா முழுவதும் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு இந்நோய் இருந்தது. இந்தியரை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 31 பேர். நம்மில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரைப் பிடித்திருக்கும் நோய் சங்கத்தின் வேலையாகாமல் வேறு யாருடைய வேலையாகும்?

"இராத்திரி அளவாகத்தான் சாப்பிட்டேன். இடையில் பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. விடியற்காலை விரலைக் குத்திப் பார்த்தால், படுக்கும்போது இருந்ததைவிட ஏறி நிற்கிறது. மெஷின் பொய் சொல்கிறதா?" என்று பலர் எங்களிடம் ஆபீசில் வந்து கேட்கிறார்கள். மெஷின் பொய் சொல்லவில்லை, தோழர்களே.

நாம் பால்மரத்தை ஏன் இருட்டோடு வெட்டுகிறோம்? வெயில் ஏறுமுன் மரத்துக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும், பால் தாராளமாக ஓடும் என்பதால் அல்லவா? நம் கல்லீரலுக்கும் அப்படி ஒரு வேளை உண்டு. ஏறக்குறைய 3 மணியிலிருந்து 8 மணி வரை, உடம்பைத் துயிலெழுப்பச் சில சுரப்புநீர்கள் ஊறுகின்றன. அவற்றின் ஏவலால் கல்லீரல், தான் சேர்த்து வைத்த சர்க்கரையை இரத்தத்தில் திறந்துவிடுகிறது. நோயில்லாதவருக்கு இன்சுலின் ஊறி அதைச் சமன் செய்துவிடும். நமக்கு அது போதாது. ஆகவே ஒரு பருக்கை சாப்பிடாமலே சர்க்கரை ஏறுகிறது.

ஆனால் எல்லாருக்கும் காரணம் இது ஒன்றே என்று எண்ணிவிடக் கூடாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் நடந்ததைக் கேளுங்கள். நமக்குத் தெரிந்த வெட்டுக்காரத் தாய் ஒருவர், காலையில் 11 என்று பார்த்துப் பயந்து, இராச்சாப்பாட்டை நிறுத்தினார். மாத்திரையையும் யாரையும் கேளாமல் இரண்டாக்கினார். பசியாறாமலே பெரட்டுக்குப் போனார். நிரையில் பாதி வெட்டும்போதே கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, மரத்தடியில் சாய்ந்துவிட்டார். பக்கத்து நிரைக்காரர் பார்த்ததால் பிழைத்தார். கையில் கூரிய கத்தியும் சுற்றிலும் இருட்டும் உள்ள தொழில் நம்முடையது.

அப்படியானால் என்ன செய்வது? மருந்தில் கைவைக்குமுன், சர்க்கரை எந்நேரத்தில் ஏறுகிறது என்று கண்டுபிடியுங்கள். இரண்டு மூன்று இரவுகள், படுக்கும்போது ஒரு முறை, 3 மணிக்கு ஒரு முறை, எழுந்தவுடன் காப்பிக்கு முன் ஒரு முறை குத்திப் பார்த்து எழுதுங்கள். 3 மணிக்கு எழுவது நமக்கு ஒன்றும் புதிதல்லவே! படுக்கும்போதே 12 என்றிருந்து, காலையிலும் 12 என்றிருந்தால் குற்றவாளி இராச்சாப்பாடு. ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சி முன் அமர்ந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டு அப்படியே படுப்பவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும். சோற்றைக் குறைத்து, முன்னதாகச் சாப்பிட்டு, லயத்தைச் சுற்றிக் கால்மணி நேரம் நடந்தால் பலன் தெரியும். படுக்கும்போது 7, 3 மணிக்கும் 7, எழும்போது 10 என்றால் அது நாம் சொன்ன விடியற்கால ஏற்றம். இராச்சாப்பாட்டோடு எடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை கல்லீரலைக் கொஞ்சம் அடக்கும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு மருந்தின் வேகம் விடியுமுன் தீர்ந்துபோவதும் உண்டு. அதன் நேரத்தையும் அளவையும் டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

மூன்றாவது வகைதான் அபாயமானது. 3 மணிக்கு 4-க்குக் கீழே இறங்கியிருக்கும். சட்டை நனைய வேர்வை, கெட்ட கனவு, காலையில் தலைவலி ஆகியவை இதற்கு அடையாளம். இப்படி இறங்கியதற்கு எதிராகக் காலையில் ஏறுவது முன்பு நினைத்ததைவிடக் குறைவு என்று இன்றைய டாக்டர்கள் சொல்கிறார்கள். இருந்தாலும் இப்படிப்பட்டவர் காலைக் கணக்கை மட்டும் பார்த்து இரவு மருந்தைக் கூட்டினால் உயிருக்கே ஆபத்து. இறங்கியது தெரிந்தால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். நிரைக்குப் போகும்போதும் ஒரு பொட்டலம் சீனி பையில் இருக்கட்டும்.

இனி நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது. தொடர்ந்தாற்போல் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் 30 நிமிடமாவது ஓய்வு தரவேண்டும் என்று 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் சொல்கிறது. அந்த அரை மணி நேரத்தில் பசியாற உட்கார்ந்தவரை, "பால் உறைந்துவிடும், எழுந்திரு" என்று விரட்ட யாருக்கும் உரிமையில்லை. டாக்டர் சீட்டுக் கொடுத்த நாளுக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்பும் உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவையானால் ஆண்டுக்கு 14 நாள், ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். இவை யாரும் போடும் பிச்சையல்ல. இரத்தம் பார்க்கும் மெஷினும் குச்சியும் தோட்ட மருந்தகத்தில் இருக்க வேண்டும் என்ற தீர்மானத்தை இப்போது உங்கள் முன் வைக்கிறோம்.

எழுதப் படிக்கச் சிரமப்படும் தாய்மார்கள் தயங்க வேண்டாம். மூன்று வேளைக் கணக்கையும் வாயால் சொன்னால் போதும், கிராணிமார் நாங்கள் எழுதித் தருகிறோம். டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளை மறவாமல் கொண்டுபோங்கள்.