தீவில் வாங்கும் முதல் லேப்டாப்

(ஸ்ரீ விஜயபுரத்தில் நம் உறுப்பினர் குடும்பங்கள் கூடியபோது பேசியதன் எழுத்து வடிவம். 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று நாம் அறிந்திருந்த ஊர்தான் இது.)

 

"நாற்பதாயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். பெண்ணுக்கு எந்த லேப்டாப் வாங்கலாம்? ஒரு பெயர் சொல்லுங்கள், போதும்" என்று இங்கே ஒரு மாமா கேட்டார். சென்னையில் கேட்டிருந்தால் பெயர் சொல்லியிருப்பேன். அங்கே ஏதாவது கோளாறு என்றால் ரிச்சி தெருவுக்கு எடுத்துக்கொண்டு போய் சாயங்காலத்துக்குள் சரிசெய்து கொண்டு வந்துவிடலாம். நமக்கும் ரிச்சி தெருவுக்கும் நடுவில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் இருக்கிறது. கப்பலில் வந்தால் ஏறக்குறைய மூன்று நாள். ஆகையால் இந்த ஊரில் "எது வேகமானது?" என்று கேட்பதற்கு முன்னால் "கெட்டுப்போனால் யார் பார்ப்பார்கள்?" என்று கேட்க வேண்டும்.

போன மழைக்காலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மாணவியின் லேப்டாப்பில் கீபோர்டு செத்துவிட்டது. வாரண்டி இருந்தது. ஆனால் சென்னைக்கு அனுப்பித்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். திரும்பி வர ஐந்து வாரம். அதற்குள் செமஸ்டர் ப்ராஜெக்ட் கொடுக்கும் தேதி வந்துவிட்டது. பாவம், அந்தப் பெண் தோழியின் மெஷினில் ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து எழுதினாள். அப்பாவுக்கோ அந்த லேப்டாப்பின் விலை மூன்று மாதச் சம்பளம். இன்னொன்று வாங்கித் தருவது நடக்கிற காரியமா?

ஆகவே கடைக்காரரிடம் "ஆன்சைட் வாரண்டி உண்டா?" என்று மட்டும் கேட்டால் போதாது. உண்டு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 744-ல் தொடங்கும் நம் பின்கோடுக்கு அது செல்லுமா என்று கம்பெனியின் இலவச எண்ணில் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ரூபாய் தள்ளுபடியைவிட அந்த மெயில் பெரிது. அபர்தீன் பஜாரில் இருநூறு முந்நூறு கூடவே கொடுத்து வாங்கினாலும், பழுது வந்தால் நேரில் போய் நிற்க ஒரு இடம் இருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பாட்டரி. பலருக்குத் தெரியாத விஷயம் இது. லித்தியம்-அயான் பாட்டரியைத் தனியாக, அதாவது எந்தக் கருவியிலும் பொருத்தாமல், பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதற்கு 2016 ஏப்ரல் 1 முதல் சர்வதேசத் தடை இருக்கிறது. தீப்பிடிக்கும் அபாயம்தான் காரணம். எனவே மாற்று பாட்டரியை ஆன்லைனில் ஆர்டர் செய்தால் அது கப்பலிலோ சரக்கு விமானத்திலோதான் வர வேண்டும். ஆனால் பயணி ஒருவர் தம் சொந்த உபயோகத்துக்காகக் கைப்பையில் எடுத்து வரலாம். 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். சாதாரண லேப்டாப் பாட்டரிகள் அதற்குள்தான் இருக்கும். முனைகளில் டேப் ஒட்டி, கேபினில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். செக்-இன் பெட்டியில் போடவே கூடாது.

இப்போது மெஷினுக்கு வருகிறேன். பி.காம்., பி.ஏ. படிக்கிற பிள்ளைகளுக்கு கோர் ஐ3 அல்லது ரைசன் 3, 8 ஜி.பி. ராம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. தாராளம். கூடவே ஒன்று பாருங்கள்: ராமைப் பிற்பாடு கூட்டுவதற்குக் காலி ஸ்லாட் இருக்கிறதா, இல்லை போர்டிலேயே பற்ற வைத்துவிட்டார்களா? 2025 கடைசியில் மெமரி விலை கன்னாபின்னா என்று ஏறிற்று. இன்று 16 வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள், ஸ்லாட் இருந்தால் இரண்டு வருஷம் கழித்துச் சேர்த்துக்கொள்ளலாம். அம்பேத்கர் தொழில்நுட்பக் கல்லூரியில் எஞ்சினீயரிங் சேருகிறவர்கள் மட்டும் முதல் செமஸ்டர் முடியும் வரை பொறுத்து, என்ன சாஃப்ட்வேர் தேவை என்று சீனியர்களிடம் கேட்டு வாங்குவது நல்லது.

மலிவு விலையில் 64 ஜி.பி. இ.எம்.எம்.சி. போட்ட மெஷின்கள் கண்ணில் படும். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சத் தேவையே 64 ஜி.பி.தான். ஓரிரண்டு அப்டேட் வந்ததும் இடமில்லை என்று அடம்பிடிக்கும். பதினைந்தாயிரம் தண்டம். எல்லாவற்றையும் இணையத்திலேயே வைத்துக்கொள்ளலாமே என்று கடைக்காரர் சொல்வார். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் தொடங்கி வைக்கப்பட்ட பிறகு நமக்கு நெட் எவ்வளவோ தேவலை. அதற்கு முன் சாட்டிலைட்டை நம்பி ஒரு பக்கம் திறப்பதற்குள் காபி ஆறிப்போகும். இருந்தாலும் லீவுக்கு ஹட் பே, கேம்பல் பே என்று போகிற பிள்ளைகளுக்குப் பாடம் மெஷினுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, சென்னையைப்போல் இரண்டு மடங்கு. அதோடு உப்பு. யு.எஸ்.பி. ஓட்டைகளில் பச்சை பூத்துவிடும். லேப்டாப்பை விலையுயர்ந்த பொருள் என்று இரும்பு பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். தினமும் ஓடுகிற மெஷின் தன் சூட்டிலேயே ஈரத்தை விரட்டிக்கொள்ளும். வைக்கத்தான் வேண்டுமென்றால் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வையுங்கள். மின்சாரம் இங்கே பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. நல்ல சர்ஜ் ப்ரொடெக்டர் ஒன்றும், வீட்டு ப்ளக் பாயிண்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்ப்பதும் லேப்டாப் பட்ஜெட்டிலேயே சேர்ந்தவை.

இந்தப் பேச்சு பத்திரிகையில் வந்தால் மற்ற ஊர் அன்பர்களும் படிப்பார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் பழைய லேப்டாப்பைத் தீவில் படிக்கும் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று சிலர் அன்போடு கேட்கிறீர்கள். பேஷாகக் கொடுக்கலாம். ஆனால் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் இன்டெல்லில் ஏறத்தாழ எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும். மெஷினில் ஐ5-7200 என்று இருந்தால் ஏழாம் தலைமுறை, ஐ5-8250 என்றால் எட்டு. ஐ5 என்ற பெயரை மட்டும் பார்த்து அனுப்பிவிடாதீர்கள். எட்டுக்குக் கீழ் உள்ளதில் லினக்ஸ் போட்டுத் தரலாம்தான்; அதை அங்கேயே போட்டு அனுப்பினால் உபகாரம். ஆபீஸ் கொடுத்த மெஷின் என்றால் கம்பெனியின் பூட்டு, பயாஸ் பாஸ்வர்டு எல்லாம் எடுக்கப்பட்டதா என்று பாருங்கள். பூட்டோடு வந்தால் இங்கே திறக்க ஆள் கிடையாது. சார்ஜரும் சேர்த்து வையுங்கள். பாட்டரி முதலில் எவ்வளவு கொண்டது, இப்போது எவ்வளவு ஏறுகிறது என்று விண்டோஸிலேயே ஒரு அறிக்கை எடுக்கலாம். பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பாட்டரியை அங்கேயே போட்டுவிடுங்கள். பொருத்தின பாட்டரியோடு யாராவது கையில் எடுத்து வந்தால் ஒரு தொல்லையும் இல்லை. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரம்தான். இங்கே யாருக்கு என்ன தேவை என்ற பட்டியல் நம் செயலாளரிடம் இருக்கிறது. கிளம்புவதற்கு முன்னால் அவருக்கு ஒரு போன் செய்யுங்கள்.