காசும் அதிர்ஷ்டமும்

(வருடாந்த ஒன்றுகூடலில் நிகழ்த்திய பேச்சு)



காசைப்பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். காசு உள்ளவர்களை விட்டுவிட்டு என்னை ஏன் பிடித்தார்கள் என்று முதலில் யோசித்தேன். தோற்றவனுக்குத்தான் சொல்லக் கதை இருக்கும் என்று நினைத்திருப்பார்கள் போலும்.

அதிர்ஷ்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அதில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தேசிய லொத்தர் சபை 1963 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உண்டானது. அன்று தொடக்கம் காலி வீதியில் லொத்தர் விற்பவரைக் காணாத நாள் எனக்கு இல்லை. ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும் பொருந்தவேண்டிய ஒரு சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோடியே அறுபது இலட்சம் விதமாக அது அமையலாம். நாளுக்கு ஒரு சீட்டு வாங்கினால், ஒவ்வொரு விதத்தையும் ஒரு முறை வாங்கிப் பார்க்க எழுபதினாயிரம் வருஷத்துக்கு மேல் வேண்டும். மார்க்கண்டேயருக்கு அது கட்டுப்படியாகலாம். ஆசைக்கு எப்போதாவது ஒன்று வாங்குகிறவரை நான் குறை கூறமாட்டேன். நானும் வாங்கியிருக்கிறேன்.

காசை ஓரிடத்தில் நம்பி வைப்பதுதான் பெரிய சங்கதி. கோப்பிச் செடியில் 1869 இல் ஒரு பூஞ்சண நோய் கண்டது. தோட்டங்கள் அழிந்தன, தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதத்தில் கதவை மூடிற்று. கையில் அந்த வங்கியின் நோட்டை வைத்திருந்தவன் கோப்பிச் செடியைக் கண்ணாலும் கண்டிராதவனாயிருக்கலாம். தேசாதிபதி ஆர்தர் கோர்டன் நோட்டுகளுக்கு அரசாங்கப் பொறுப்பு ஏற்றபடியால் பெருங்குழப்பம் தணிந்தது. யாரோ ஒருவர் எங்கோ எடுத்த துணிவு, அறியாத ஒருவன் மடியில் வந்து விழுகிறது. 2022 இல் சில மாதத்துக்குள் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் போனபோது நாமும் அதைக் கண்டோம்.

இனி என் கதை. 1983 தை மாதத்தில் எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் ஒரு மாமி கழிவுச் சீட்டு ஒன்று பிடித்தார். இருபது பேர்; மாதம் ஐந்நூறு ரூபா. மாமிதான் தாச்சி. விதவை, ஒரு மகள். வைகாசியில் ஆயிரத்தைந்நூறு ரூபா கழிவுக்குக் கேட்டு எண்ணாயிரத்தைந்நூறு ரூபாவை எடுத்தேன். வீட்டுத் தேவை ஒன்றுமில்லை. நிதிக் கம்பனி ஒன்று வங்கியைவிட இரட்டிப்பு வட்டி தருவதாகக் கேள்விப்பட்டு, ஐந்து வருஷத் தவணையில் போட்டேன். கழிவு ஒரு வருஷ வட்டியில் திரும்பிவிடும், மிச்சமெல்லாம் இலாபம் என்பது என் கணக்கு. பளபளப்பான பத்திரம் ஒன்றும் தந்தார்கள்.

ஆடி வந்தது. அந்த ஆடியை இங்குள்ள பெரியவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. மாமியின் வீடு எரிந்தது. முகாமிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார். சீட்டுக் கொப்பி மட்டும் சேலைக்குள் இருந்தது. சீட்டுக்காரரில் சிலர் சென்னைக்கும் சிலர் இலண்டனுக்கும் போய்விட்டார்கள். நான் ஏழு மாதக் காசு கட்டியிருந்தேன். இன்னும் பதின்மூன்று மாதம், ஆறாயிரத்தைந்நூறு ரூபா, பாக்கி.

மறு வருஷம் ஒரு தபாலட்டை வந்தது. “தம்பி, அம்மா சுகமோ? கொப்பி என்னிடம் இருக்கிறது” என்று மட்டும் எழுதியிருந்தார். காசு கேட்கவில்லை. கேளாதபடியால் நானும் கொடுக்கவில்லை. உள்ளதைச் சொல்லுகிறேன், பிள்ளைகளே: ஊரே எரிந்தபின் சீட்டென்ன, கணக்கென்ன என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

1985 இல் மாமி திரும்பி வந்து கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் இருந்தார். அம்மாவுடன் பார்க்கப் போனேன். மகளின் கை வெறுமையாயிருந்தது. சீட்டு எடுக்காத பதின்மூன்று பேருக்கும், கட்டிய காசையாவது கொடுத்துவிடவேண்டும் என்று, மகளுக்கென வைத்திருந்த காப்புகளைச் செட்டியார் தெருவில் விற்றிருந்தார். நான் இரட்டிப்பு வட்டிக்கு ஆசைப்பட்டுக் கம்பனியில் பூட்டிவைத்த காசு அந்தக் காப்புத்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என்னுடன் பேசவேயில்லை.

சம்பளத்தில் மாதம் ஐந்நூறாகக் கட்டி முடித்தேன். 1988 இல் கம்பனி மூடியது. பல வருஷத்துக்குப் பின் காற்பங்குகூடக் கிடைக்கவில்லை. சீட்டில் நாலு பேர் கடைசிவரை கட்டவில்லை. அந்த நட்டம் மாமியுடையதாயிற்று.

சீட்டு நல்லது, கம்பனி கெட்டது என்று சொல்ல வரவில்லை. தாச்சியே காசோடு மறைந்த சீட்டுகளும் உண்டு. 1935 இலேயே சீட்டுகளுக்குச் சட்டம் போடவேண்டியிருந்தது. இன்று மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை யாரும் பார்க்கலாம். வைப்புக் காப்புறுதி 2010 இல் வந்தது. ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாவரை என்று 2021 இல் உயர்த்தினார்கள். அனுமதியில்லாமல் வைப்பு வாங்கிய கோல்டன் கீ 2008 இல் விழுந்தபோது படித்த பெரிய மனிதரும் அதில் மாட்டியிருந்தார்கள். ஆகவே, பட்டியலைப் பாருங்கள்.

போன மாதம் நம் அங்கத்தவரான தம்பி ஒருவர், கைத்தொலைபேசியில் நாள் வட்டி தரும் திட்டம் ஒன்றைக் காட்டி அபிப்பிராயம் கேட்டார். போடப்போவது யாருடைய காசு என்று கேட்டேன். அக்காவின் சங்கிலியை அடகு வைக்கப்போவதாகச் சொன்னார். அக்காவுக்குத் தெரியுமோ என்றேன். பதில் வரவில்லை. இன்று அவர் முன்வரிசையில் இருக்கிறார். சங்கிலி இன்னும் அக்காவின் கழுத்தில் இருக்கிறதென்று சற்று முன் காதில் சொன்னார்.