ஆசிரியருக்கும் பாடம் உண்டு

இன்று பட்டம் பெறும் அன்பு மாணவர்களே, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று நீளும் இந்தத் தொழில் வட்டாரத்தில் ஷிப்ட் முடித்து வந்து, இரவில் கைப்பேசித் திரையில் பாடம் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் உங்களில் பலர். அந்த உழைப்புக்கு முதலில் என் வாழ்த்து. இணையவழிப் பட்டத்தின் தரம் எதைப் பொறுத்தது என்பதையே இன்று உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன். பாடம் நடத்துகிற ஆசிரியர் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாரா என்பதைப் பொறுத்தது என்பது என் முடிவு.

இதற்குச் சான்று இந்த மண்ணிலேயே இருக்கிறது. 2020 ஏப்ரல் 1 அன்று இந்தியா வாகனங்களுக்கான பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ்) புகை விதியிலிருந்து ஒரு படியைத் தாண்டி நேரே பிஎஸ்-6க்குப் போனது. டீசல் வண்டிகளின் புகைப் பாதையில் கரித்துகளைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி வந்தது. அதைக் கண்காணிக்கும் சென்சார்கள் வந்தன. புதிய மாடல் உற்பத்தி லைனில் இறங்குமுன் அங்கே நிற்பவருக்குப் பயிற்சி தருவது இந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளின் வழக்கம். ஆனால் 2018இல் பதிவு செய்த டீசல் எஞ்சின் பாடத்துக்கு இந்தச் செய்தி தானாகப் போய்ச் சேராது. வகுப்பறையில் பழைய பாடத்தை ஆசிரியர் ஒரு வார்த்தையில் திருத்திவிடலாம். பதிவான பாடமோ பார்க்கிற ஒவ்வொருவரிடமும் அதே பழையதைத் திரும்பச் சொல்லும். ஆகவே நேர்வகுப்பு ஆசிரியரைவிட இணையவழி ஆசிரியருக்கே தொடர்பயிற்சி கூடுதலாக வேண்டியிருக்கிறது.

நாட்டின் சிறந்த பேராசிரியர் ஒருவர் ஒருமுறை நடத்திப் பதிவு செய்துவிட்டால் போதாதா, ஒவ்வொரு கல்லூரி ஆசிரியருக்கும் எதற்குப் பயிற்சி என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பதிவுகளின் அருமையை நான் மறுக்கவில்லை. ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்பிடெல், 2017இல் வந்த ஸ்வயம் ஆகியவை சிற்றூர் மாணவருக்கும் பெரிய வகுப்பறைகளின் கதவைத் திறந்துவிட்டன. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியே படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் விதி செய்தது. ஆனால் ஹார்வர்டும் எம்ஐடியும் இணையத்தில் திறந்துவிட்ட பாடங்களில் 2017-18இல் சேர்ந்தவர்களில், 100 பேருக்கு ஏறக்குறைய 3 பேர்தான் முடித்தார்கள் என்று 'சயன்ஸ்' இதழில் 2019இல் வந்த ஆய்வு காட்டியது. சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்களைக் கழித்தாலும், நல்ல விரிவுரை மட்டும் கையைப் பிடித்துக் கரைசேர்ப்பதில்லை என்பது தெளிவு. ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள்: இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு மாணவி, 'கணக்கில் விடை மைனஸில் வருகிறது' என்று எழுதுகிறாள். 'சரியான விடை 40' என்பது ஒரு பதில். 'மூன்றாவது வரியில் விசையின் திசையை எப்படி எடுத்தீர்கள்?' என்பது இன்னொரு பதில். முதலாவதில் கணக்கு முடிகிறது, இரண்டாவதில் படிப்பு தொடங்குகிறது. இந்த இரண்டாவது பதிலை எழுதுவது ஒரு தொழில்திறன், பழகினால்தான் வரும்.

பயிற்சி என்பது பதவி உயர்வுக்குச் சான்றிதழ் சேர்க்கும் சடங்காகிவிட்டது என்பது இன்னொரு குறை. அதில் உண்மை இருக்கிறது. 1987 முதல் உயர்கல்வி ஆசிரியர்களுக்கான கல்விப் பணியாளர் கல்லூரிகள் (Academic Staff Colleges) நடந்துவந்தன. 2023 செப்டம்பரில் மாளவியா ஆசிரியர் பயிற்சித் திட்டமும் வந்தது. பயிற்சிக் கூடத்தில் கேட்டது வகுப்புக்குப் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் பார்க்காவிட்டால் எந்தத் திட்டமும் சடங்காகத்தான் முடியும். அதற்காகப் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை, வகுப்போடு கட்டிப்போட்டால் போதும். தன் பாடத்தில் எந்த நிமிடத்தில் மாணவர்கள் நிறுத்திவிட்டுப் போகிறார்கள் என்று ஆசிரியர் பார்க்கட்டும். சக ஆசிரியர் ஒருவரோடு அமர்ந்து அந்த இடத்தைப் பேசட்டும். அந்தப் பகுதியை மட்டும் மறுபடி பதிவு செய்யட்டும். நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. பள்ளி ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர்பயிற்சியைத் தேசியக் கல்விக் கொள்கை 2020 சொல்கிறது. பல்கலைக்கழகமும் அதுபோல் நேரம் ஒதுக்கி, அதைப் பணிச்சுமைக் கணக்கில் சேர்க்க வேண்டும். வெல்டிங் போன்ற கைத்திறன் திரையில் பார்த்து வராது என்று சிலர் சொல்வதும் சரிதான். எதைத் திரையில் வைப்பது, எதற்குப் பட்டறைக்கு அழைப்பது என்று பிரித்தறிவதுதான் அந்தப் பயிற்சியின் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

மாணவர்களே, லைனில் என்ன மாறுகிறது என்பது உங்கள் ஆசிரியர்களுக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆகவே ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு விடுமுறை நாள் இங்கே வாருங்கள். நீங்கள் படித்த பாடத்தில் எது பழசாகிவிட்டது என்று சொல்லுங்கள். பேராசிரியப் பெருமக்களே, அன்றைக்கு நீங்கள் மாணவர் இருக்கையில் அமர்ந்து குறிப்பெடுங்கள். அடுத்த ஆண்டு சேருகிற பிள்ளைகளின் பாடம் அந்தக் குறிப்பிலிருந்து தொடங்கட்டும்.